மௌனத்தில் கத்திய கழுதை

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடிக்கடைக்காரர் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் தலையணைக்கு அடியில் வைத்தார். மின்விசிறியை அணைத்தார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து, "கொஞ்ச நேரந்தான்" என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு பால் கெட்டால் கெடட்டும் என்று விட்டுவிட்டார்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு மௌனத்துக்காக.

ஈரத் தீக்குச்சி என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பிரபலமாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பாடுகிறவர்கள்போல் பாடுவார்கள். அப்படியும் கொஞ்சம் பிரபலமாகிவிட்டார்கள். அவர்களுடைய 'கதவு' என்ற பாட்டில் பாதி வழியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். சற்று நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு டிரம்ஸ் இடிக்க, பாடகர் "திற!" என்று ஆரம்பிப்பார். கச்சேரிகளில் அந்த இடைவெளி வந்தால் ரசிகர்கள் மூச்சு விடமாட்டார்கள். விசில் கிடையாது, கைதட்டல் கிடையாது, இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். யார் சொல்லி வந்த வழக்கமோ தெரியாது. பரீட்சை ஹாலில்கூட அப்படியொரு கட்டுப்பாட்டைப் பார்க்க முடியாது.

குழு பிரிவதற்கு முன் நடத்திய கடைசிக் கச்சேரியில் அந்த மௌனம் என்றைக்கும் இல்லாத அளவுக்கு நீண்டது. நீண்டுகொண்டே போனது. மைதானம் முழுக்கக் கண்ணை மூடி நின்றபோது, கூட்டத்திலிருந்து எவனோ ஒருத்தன் தன்னந்தனியாக "திற!" என்று கத்தித் தொலைத்தான். ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'கழுதை'. இன்றைக்கும் இணையத்தில் யாராவது அந்தக் கச்சேரியைப் பற்றி ஒரு வரி எழுதினால், அடுத்த வரியில் கழுதைக்குத் திட்டு விழும்.

கழுதை யார் என்பது கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் தெரியும். அன்று அவருக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய சொந்த மச்சான்தான், மனைவியின் தம்பி. "என் காதுக்குள்ளேயே கத்தினான்" என்று அன்றைக்கே சொன்னார். "நான் இல்ல மாமா" என்று மச்சான் கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தான். பிறகு சொல்வதை விட்டுவிட்டான். அவன் விட்டதே ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று இவர் முடிவு கட்டினார்.

ஊரில் இருந்த ஈரத் தீக்குச்சி ரசிகர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடிக்கடைக்காரர் வீட்டில் கூடுவார்கள். தலைவர் அவர்தான். மௌனத்தைக் கலைப்பவருக்குக் கூடத்தில் இடமில்லை என்ற சட்டமும் அவர் போட்டதுதான். அந்தச் சட்டப்படி வெளியேற்றப்பட்டவன் இதுவரை மச்சான் ஒருத்தன்தான். அக்கா வீட்டுக்கு வந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டான். மற்ற நாள்களில் மாமனும் மச்சானும் பார்த்துக்கொண்டால், "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன் மாமா" என்பதோடு சரி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதாகப் பாட்டுக் கேட்டவர்கள்.

இப்போது, இத்தனை வருஷம் கழித்து, அந்தக் கடைசிக் கச்சேரி டிவிடியாக வந்திருக்கிறது. கூடவே குழுவைப் பற்றிய ஆவணப்படமும் இன்னொரு டிஸ்க்கில். உலகமே போனில் பாட்டுக் கேட்கும் காலத்தில் யார் டிவிடி போடுவார்கள் என்று கேட்டால், ஈரத் தீக்குச்சிக்காரர்கள்தான் போடுவார்கள். அட்டையில் பல கேமராக்களில் பிடித்தது என்று போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து கண்ணாடிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாளும் அவருடைய வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. இன்றைக்குக் கழுதையின் முகத்தைக் கையும் களவுமாக எல்லோருக்கும் காட்டிவிடலாம்.

முதலில் கணக்கு டீச்சர் வந்தார். அந்த அம்மாள் கடைசிக் கச்சேரிக்குப் போகவில்லை. போகாததால் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மௌனம் நீண்டது தற்செயல் அல்ல, குழு பிரியப்போவதை வாத்தியம் இல்லாமல் சொன்னார்கள், கழுதை கத்தியதும் டிரம்ஸின் பித்தளைத் தட்டில் விழுந்த அந்த ஒற்றைச் சிம்பல் அடி ராக் இசையிலேயே மிகத் துணிச்சலான அடி என்பதெல்லாம் அவருடைய கண்டுபிடிப்பு. அடுத்து லிஃப்ட் மெக்கானிக் வந்தார். நல்ல மனுஷன். விக்கல் ஒன்றுதான் அவருக்கு எதிரி. மௌனம் நெருங்கும்போதெல்லாம் விக்கல் வரும். தண்ணீர்ச் சொம்போடு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

கண்ணாடிக்கடைக்காரர் டிஸ்க்கை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து, பிளேயரின் பொத்தானை அமுக்கினார். தட்டு வெளியே வரவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே ஏதோ பல்லைக் கடித்தது.

"ரொம்ப நாளா போடலையா அண்ணே? ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க, பாத்துடுவோம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

கொடுத்தது தப்பு. மேலே போவதையும் கீழே வருவதையும் பழுதுபார்த்துப் பழகிய கை அது. முன்னால் வருவது அதற்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் தட்டு தனியாகவும் பிளேயர் தனியாகவும் மேஜைமேல் கிடந்தன.

"டீச்சர், உங்க லேப்டாப்?"

"இப்பல்லாம் லேப்டாப்புல அந்த ஓட்டையே வர்றதில்ல சார்."

அப்போது அடுக்களை வாசலிலிருந்து மனைவி சொன்னார்: "தம்பிகிட்ட ஒரு பிளேயர் இருக்கு."

கண்ணாடிக்கடைக்காரர் மேஜையைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், கடைசியில் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "வரச் சொல்லு" என்றார். உள்ளுக்குள் அவருக்குக் குஷி. குற்றவாளி தானே வந்து, தன் மெஷினிலேயே தன்னைப் போட்டுக் காட்டப்போகிறான். இதைவிட வேறென்ன வேண்டும்?

மச்சான் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். எந்த வீட்டுக்குப் போனாலும், முதலில் மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் திறப்பான். அன்றும் பிளேயரை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். வாசலிலேயே நின்று, "கனெக்‌ஷன் மட்டும் குடுத்துட்டு அடுக்களைல உக்காந்துக்கிறேன் மாமா" என்றான்.

"தேவையில்ல. இங்கயே இரு. நீதான் முக்கியமாப் பாக்கணும்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா டீத்தூள் டப்பாவைத் தேட ஆரம்பித்தார். அது கையிலேயே இருந்தது.

பிளேயர் ஒரே அமுக்கில் வாயைத் திறந்தது. டிஸ்க் சுழன்றது. மேடை, புகை, கூட்டம். முதல் பாட்டிலேயே டீச்சர் முழங்காலில் தாளம் போட, லிஃப்ட் மெக்கானிக் தலையை ஆட்ட, கண்ணாடிக்கடைக்காரர் தான் நின்ற இடத்தைக் கண்ணாலேயே தேடினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. மச்சான் பிளேயருக்குப் பக்கத்தில் தரையில், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

'கதவு' வந்தது. லிஃப்ட் மெக்கானிக் முன்னெச்சரிக்கையாகச் சொம்பைக் கையில் எடுத்தார். கிட்டார் நின்றது. எல்லாம் நின்றது. டீச்சர் கண்ணை மூடினார். சட்டென்று திரையில் வேறு பாட்டு ஓடியது.

"என்னாச்சு?"

"டிஸ்க்குல கீறல் போல மாமா" என்றான் மச்சான். "அந்த இடம் வந்தாத் தாவுது. விடுங்க, அடுத்த பாட்டு நல்லாருக்கு."

மறுபடி போட்டார்கள். மறுபடி தாவியது, அதே இடத்தில்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். டிஸ்க்கை வெளியே எடுத்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். லென்ஸில் இருக்கும் கீறலைப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. வாடிக்கையாளர் துடைத்த கைக்குட்டை பருத்தியா நைலானா என்றுகூடச் சொல்லிவிடுவார்.

"பொட்டுக் கீறல் இல்ல" என்றார். அவர் குரலில் ஒரு இனிப்பு வந்தது. "மச்சான், அந்தத் துண்டை எடு."

"எதுக்கு மாமா?"

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து துண்டை இழுத்தார். அடியில் ரிமோட் இருந்தது. அடுத்த பாட்டுக்குத் தாவும் பொத்தான்மேல் மச்சானின் கட்டைவிரலும் இருந்தது.

"ஆகா!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வாழ்க்கையில் இப்படி ஒரு 'ஆகா' சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "பாத்தீங்களா டீச்சர்? மடியில கனம் இருக்குறவன் பண்ற வேலையைப் பாத்தீங்களா?"

"மாமா, சொன்னாக் கேளுங்க. அந்த இடத்தைப் பாக்க வேணாம். ஆவணப்படத்தைப் போடுவோம். அது ரொம்ப நல்லாருக்கு."

"நல்லாருக்கா? உனக்கெப்படித் தெரியும்?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "வெளிவந்த அன்னிக்கே வாங்கிட்டேன்."

"ஏங்க, டீ ஆறுது" என்று மனைவி தட்டோடு வந்தார். "முதல்ல குடிங்க. பாட்டு என்ன ஓடியா போயிடும்?"

"எல்லாரும் சேந்துதான் இவனைக் காப்பாத்துறீங்க! ரிமோட்டைக் குடு. மெதுவா ஓட்டுறேன். கழுதை எப்படி வாயைத் திறக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

மச்சான் ரிமோட்டைக் கொடுத்தான். கொடுக்கும்போது, "நான் எவ்வளவோ பண்ணிப் பாத்துட்டேன்க்கா" என்று அக்காவிடம் முணுமுணுத்தான்.

மறுபடி 'கதவு'. எல்லாம் நின்றது. இந்தமுறை கேமரா மேடைக்குப் பின்னாலிருந்து கூட்டத்தைப் பார்த்தது. ஒரு விளக்கு மெல்லத் திரும்பி முன்வரிசைமேல் விழுந்தது. ஆயிரம் முகம், எல்லாம் கண் மூடி. நடுவில் ஒரே ஒரு வாய் மட்டும் திறந்தது.

"நிறுத்துறேன், நிறுத்துறேன்!" கண்ணாடிக்கடைக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டு டிவிக்குக் கிட்டே போனார். தொழில் புத்தி, அவர் கண் முதலில் மூக்குக் கண்ணாடிக்குத்தான் போனது. "ஃபிரேமைப் பாருங்க! கழுதையா இருந்தாலும் ரசனையுள்ள கழுதை. கருஞ்சிவப்பு, ஓரத்துல தங்கக் கோடு. நம்ம கடைல ஒரு காலத்துல தருவிச்சேன் டீச்சர், அருமையான ஃபிரேம். ஒரு பயலும் வாங்கல. கடைசில நானே..."

அவர் இன்னும் கிட்டே குனிந்தார்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. அதற்குக் கீழே கண் இறுக மூடியிருந்தது. அதற்குக் கீழே, கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிய, அவருடைய வாய். பக்கத்தில் ஒல்லியாக மச்சான், அந்த வாயைப் பொத்துவதற்குக் கையைக் கொண்டுவந்துகொண்டிருந்தான். அந்தக் கை கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் படத்தை ஓடவிட்டார். "திற!" என்றது டிவி. அவருடைய தொண்டைதான். இத்தனை வருஷமாகக் காதுக்குள் கேட்ட அதே குரல். காதுக்கு இவ்வளவு கிட்டே வேறு யாருடைய வாய் இருக்க முடியும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாதுதான். தன் குரலைத் தானே அடையாளம் கண்டுகொண்டவர் உலகத்தில் எத்தனை பேர்?

கூடத்தில் மௌனம். கடிகாரம் இல்லை, மின்விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. எல்லாவற்றையும் அவரே காலையில் அணைத்து வைத்திருந்தார். ஒரு சின்னச் சத்தம் இருந்திருந்தால்கூட அதில் ஒளிந்துகொண்டிருக்கலாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு விக்கல் வந்தது. யாரும் அவரை மாடிப்படிக்கு அனுப்பவில்லை.

டீச்சர்தான், வகுப்பில் மக்குப் பையனைத் தேற்றும் குரலில், "ரொம்பத் தெளிவா எடுத்திருக்காங்க சார்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். மௌனத்தைக் கலைப்பவருக்குக் கூடத்தில் இடமில்லை. சட்டம் அவர் போட்டது. நேரே அடுக்களைக்குப் போய், மச்சான் உட்காருவதாக இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கழுதை என்று பேர் வாங்கியதைவிட, அந்தப் பேரை அப்படியே அடுத்தவன் தலையில் கட்டியதுதான் அவரை அறுத்தது.

மனைவி ஃபிரிட்ஜின் பிளக்கைச் செருகினார். அது உறுமியது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க கச்சேரிலேர்ந்து வந்த அன்னிக்கே. தம்பி சொன்னான். நீங்க குளிக்கும்போது அந்தப் பாட்டைப் பாடினாக்கூட அந்த இடத்துல முன்னாலயே கத்துவீங்க. எனக்குத் தெரியாதா?"

"ஏண்டி சொல்லல?"

"சொன்னேன். 'நீ உன் தம்பிக்குத்தான் பரிஞ்சு பேசுவே'ன்னு சொல்லிட்டீங்க."

கூடத்தில் லிஃப்ட் மெக்கானிக், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், ஆவணப்பட டிஸ்க்கைப் போட்டுவிட்டார். டிரம்ஸ்காரரின் குரல் அடுக்களை வரைக்கும் கேட்டது. இப்போது கிழடு தட்டிய குரல்.

"அந்த மௌனமா? அதை ஏன் கேக்குறீங்க! குச்சி கை நழுவிக் கீழ விழுந்துடுச்சு. இருட்டு. டிரம்ஸுக்கு அடியில பூந்து தேடுறேன், கெடைக்கல. குழுவுல மத்த மூணு பேரும் எனக்காக நிக்கிறாங்க. அந்நேரம் எவனோ ஒருத்தன் கத்தினான் பாருங்க, தூக்கிவாரிப் போட்டுச்சு. விசுக்குன்னு எந்திரிச்சேன், தலை சிம்பல்ல இடிச்சுது. அந்த 'டங்கு' சத்தம் என் மண்டை. தையல் போட்டாங்க."

பாடகர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அந்த மண்டைச் சத்தத்தையே தாளமா வெச்சு நாங்க பாட்டை எடுத்துட்டோம், வேற வழி?"

கூடத்திலிருந்து டீச்சரின் முனகல் வந்தது. "துணிச்சலான அடின்னு எழுதிட்டேனே!" என்றார். "அதைப் படிச்சவங்க எத்தனை பேர்!" பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. டீச்சரும் லிஃப்ட் மெக்கானிக்கும் போட்டிபோட்டுச் சிரித்தார்கள். நடுநடுவே விக்கல்.

மச்சான் ஆறிப்போன டீயோடு அடுக்களைக்குள் வந்து, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றான். கண்ணாடிக்கடைக்காரர் அவன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முதல்ல மறுத்தியே. அப்புறம் ஏண்டா பேசாம இருந்துட்டே?"

"நீங்க அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்க மாமா. எனக்கே ஒரு சமயம், நான்தான் கத்தினேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு."

"விளையாடாத."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க அப்பா போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. நான் ரூமை விட்டே வராம கெடந்தேன். நீங்கதான் கழுத்தைப் பிடிச்சு இழுக்காத குறையா அந்தக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. எனக்கு அன்னிக்கு எந்தப் பாட்டும் காதுல ஏறவே இல்ல. அந்த மௌனத்துல திரும்பிப் பாத்தா நீங்க அழுதுட்டிருந்தீங்க. எங்க அப்பாவுக்காக நான்கூட அழல, நீங்க அழுதீங்க. அப்பத்தான் கத்தினீங்க. அதைப் போய் நாலு பேர் கழுதைன்னு சொன்னா... என்னைச் சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் மங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கவே கூடாது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் சட்டை நுனியாலேயே துடைத்தார்.

"என்னை மன்னிச்சுடு மச்சான்" என்றார். "பெரிய அநியாயம் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் விடுங்க. ஆனா மாதாமாதம் ஞாயித்துக்கிழமை எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அது மட்டும் நெசம்."

கண்ணாடிக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தன்னுடைய நாற்காலியில், தலைவர் நாற்காலியில், அவனை உட்கார வைத்தார். தான் தரையில், துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கழுதை நான்தான்னு இன்னிக்கே இணையத்துல எழுதிடுறேன்" என்று அறிவித்தார். "டீச்சர், நீங்களும் மண்டையைப் பத்தி எழுதிடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"இப்ப மறுபடி 'கதவு'. ஒழுங்காக் கேப்போம். இனிமே எவனாவது கலைச்சான்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்து, அசடு வழிந்து நிறுத்திக்கொண்டார்.

பாட்டு ஓடியது. எல்லாம் நின்றது. டீச்சர் கண்ணை மூடினார். லிஃப்ட் மெக்கானிக் மூக்கைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். டிவியில் விளக்கு மெல்லத் திரும்பி முன்வரிசையை நோக்கி வந்தது. அந்த வாய் திறப்பதற்கு முன்னால்,

"திற!"

வீடே அதிர்ந்தது. அடுக்களையில் ஏதோ ஒரு மூடி உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் நாற்காலியில் மச்சான் முகமெல்லாம் சிவந்து, வாயை இன்னும் மூடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன பாக்குறீங்க?" என்றான். "தண்டனையைத்தான் முதல்லயே அனுபவிச்சாச்சே. தப்பை ஒரு தடவையாவது பண்ணிக்கிறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் பொத்திய கையை மெல்ல எடுத்துவிட்டு, பாட்டைப் பின்னால் ஓட்டினார்.

"இன்னொரு தடவை கத்து மச்சான்" என்றார். "உனக்கு நிறைய பாக்கி இருக்கு."